அலவாங்குக்குப் பிறகு வாங்கிய மடிக்கணினி

நான் கல்யாண வீடியோ எடுப்பவள். இலங்கையில் எங்கள் புத்தளம் பக்கத்து முஸ்லிம் கல்யாணங்களில் ஆண்களுக்கு ஒரு மண்டபம், பெண்களுக்கு ஒரு மண்டபம். பெண்கள் இருக்கும் பக்கத்துக்குக் கமராவோடு போக ஒரு பெண் வேண்டும். எடுத்ததை வெட்டி ஒட்டவும் ஒரு பெண்தான் வேண்டும். அங்கே முக்காடு நழுவியிருக்கும், வாய்விட்டுச் சிரிப்பார்கள், பிள்ளைக்குப் பால் கொடுப்பார்கள். அந்தப் படங்கள் இன்னோர் ஆணின் கணினிக்குள் போய்க் கிடக்கக்கூடாது. புத்தளத்திலிருந்தும் கற்பிட்டியிலிருந்தும் கரைத்தீவில் இருக்கும் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தவர்கள் எல்லாரும் இந்தக் காரணத்துக்காகத்தான் வந்தார்கள். என் கைத்திறனை யாரும் பெரிதாகப் புகழ்ந்ததில்லை. அவளிடம் நம்பிக் கொடுக்கலாம் என்று மட்டும் சொல்லிக்கொண்டார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது.

அந்தக் கல்யாணம் புத்தளத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. ஒலிபெருக்கியில் நிக்காஹ் ஓதி முடிந்து, பெண்கள் சாப்பிட உட்காரும் நேரம். மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் அவளுடைய மூத்த சகோதரி நின்று முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். மூத்தவள் தன் கணவனை விட்டுத் தாய்வீட்டுக்கு வந்து நாலு மாதமாகியிருந்தது. அவன் அடிப்பான் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். கல்யாணத்துக்கு அவனுக்குச் சொல்லவில்லை.

பலர் சுற்றியிருந்து சாப்பிடும் சஹன் சோற்றைக் கொண்டுவரும் பின்கதவால் அவன் வந்தான். பெண்கள் பக்கத்தில் ஓர் ஆணைக் கண்டதும் எல்லாரும் முக்காட்டைத் தேடினார்கள். அந்த ஒரு நொடி அவனுக்குப் போதுமாக இருந்தது. விருந்தினர் உட்காரும், வெள்ளைத் துணி போர்த்திய இரும்புக்கால் கதிரை ஒன்றைத் தூக்கினான். முதல் அடி அவளுடைய தோளில் விழுந்தது. அவள் திரும்பினாள். இரண்டாவது, காதோடு சேர்த்து நெற்றியில். அவள் மேடையின் விளிம்பில் விழுந்தாள். அதற்குப் பிறகும் அவன் அடித்தான். கதிரையின் துணி ஒவ்வொரு அடிக்கும் விரிந்து விரிந்து மூடியது. மணப்பெண் அக்காவின் மேல் குனிந்தபோது அவளுடைய கைக்கும் ஓர் அடி விழுந்தது, மருதாணிக் கை. யாரோ ஒரு பெண் சஹன் தட்டை அவன் முதுகில் எறிந்தாள். சோறு சிதறியது. வந்த வழியாலேயே அவன் போய்விட்டான்.

நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். நான் ஓடிப்போய்த் தடுக்கவில்லை. கமராவை இறக்கவும் இல்லை. என் விரல்கள் படத்தின் தெளிவைத் திருத்திக்கொண்டே இருந்தன.

மூத்தவளுக்கு நெற்றியில் பதினொரு தையல். இடது காது கேட்காமல் போயிற்று. பொலிசில் அவன், தரையில் சிந்தியிருந்த தண்ணீரில் அவள் வழுக்கி விழுந்ததாகச் சொல்லியிருந்தான். அந்த மண்டபத்தில் அப்போது நூறு பெண்களாவது இருந்திருப்பார்கள். ஒருவரும் சாட்சி சொல்ல வரவில்லை. இரண்டு குடும்பத்துப் பெரியவர்களும் பேசி முடித்துவிடலாம் என்றார்கள். அப்போதுதான் மணப்பெண்ணின் தாய் வாய் தவறி, எல்லாம் வீடியோவில் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

மூன்றாம் நாள் பின்னேரம், அசர் தொழுகை முடிந்த நேரம், ஓட்டோ ஒன்று எங்கள் கேற்றுக்கு முன்னால் நின்றது. அவனும் அவனுடைய இரண்டு தம்பிமாரும் இறங்கினார்கள். உம்மா குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். என் கணவர் கட்டாரில் வேலையில் இருந்தார். வீட்டில் வேறு ஆண்கள் இல்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில், மூத்த சகோதரியிடம் கேட்பதுபோல மரியாதையாகத்தான் கேட்டான்.

"ராத்தா, அந்த வீடியோவத் தாங்க. நாங்க போயிருவம்."

அது பெண்களின் படம், எந்த ஆணுக்கும் கொடுக்க முடியாது, உங்களுக்கும் முடியாது, பொலிசுக்குக்கூடச் சும்மா கொடுக்க மாட்டேன் என்றேன். அவன் ஓட்டோவுக்குத் திரும்பிப் போய் ஓர் அலவாங்கை எடுத்துக்கொண்டு வந்தான். தென்னங்கன்று நடக் குழி தோண்டுவார்களே, அந்த நீளமான இரும்பு.

என் வேலை மேசை முன்னறையில் ஜன்னலோரம் இருந்தது. முதல் அடி திரைக்கு. படம் திரைக்குள்தான் இருக்கிறது என்று அவன் நினைத்திருக்க வேண்டும். கண்ணாடி உடைந்து கீழே கொட்டிய பிறகும் அதையே குத்தினான். தம்பி ஒருவன்தான் கீழே இருந்த கணினிப் பெட்டியைக் காட்டினான். பெட்டியின் தகடு முதலில் வளைந்தது, பிறகு கிழிந்தது. மேசையில் இருந்த இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளையும் தரையில் போட்டு நசுக்கினான். அவற்றில் ஆறு வருடத்துக் கல்யாணங்கள் இருந்தன. நான் குறுக்கே கையை நீட்டினேன். தடுக்கலாம் என்று நினைத்து நீட்டியதல்ல, கை தானாகப் போயிற்று. அலவாங்கு என் வலது மணிக்கட்டில் இறங்கியது. வலி உடனே வரவில்லை. சத்தம்தான் முதலில் வந்தது.

பிறகு நான் செய்ததை மறைக்க விரும்பவில்லை. சுவரில் சாய்ந்திருந்த கமராத் தாங்கியை இடது கையால் எடுத்து, கிட்ட நின்ற தம்பியின் வாயில் அடித்தேன். அவன் பொத்திக்கொண்டு குனிந்தான். விரல்களுக்கிடையால் இரத்தம் வந்தது. மறுபடியும் அடித்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்படி ஒரு சந்தோஷம் என் உடம்புக்குள் இருந்தது என்பதை அதுவரை நான் அறிந்திருக்கவில்லை.

உம்மா மீன் வெட்டும் கத்தியோடு வாசலில் வந்து நின்றார். செதில் ஒட்டிய கை. அவர்கள் அவரைப் பார்த்தார்கள், உடைந்து கிடந்ததைப் பார்த்தார்கள். காரியம் முடிந்துவிட்டது என்று நினைத்துப் போய்விட்டார்கள்.

காரியம் முடியவில்லை. கமராப் பை குசினிக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. கல்யாண வீட்டாருக்கு வீடியோவைக் கொடுத்து முடிக்கும்வரை மெமரி கார்டை அழிக்காமல் வைத்திருப்பது என் பழக்கம். அந்தக் கார்ட் பைக்குள் இருந்தது.

மணிக்கட்டு எலும்பு உடைந்திருந்தது, கைக்கு மாக்கட்டுப் போட்டார்கள். பொலிசில் முறைப்பாடு எழுதினேன். மூன்று பேரும் எங்கோ போய் ஒளிந்துகொண்டார்கள். வழக்கில் எங்களுக்காகப் பேச வந்த பெண் சட்டத்தரணி தெளிவாகச் சொன்னார்: முதலில் பிரதி எடுங்கள், பிறகு கார்டை உறையிலிட்டு நீதிமன்றத்தில் ஒப்படைப்போம், ஒன்று மட்டும் வைத்திருந்தால் ஒன்றுமே இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள். பிரதி எடுக்க என்னிடம் கணினி இல்லை. வேறு ஸ்டூடியோவில் கொடுக்கலாம் என்றால் அங்கே எல்லாம் ஆண்கள். அந்தக் கார்டில் ஒரு நாள் முழுவதற்குமான பெண்கள் இருந்தார்கள். என்னை நம்பி முக்காட்டை இறக்கியவர்கள்.

நான் புதிது வாங்கப் போகிறேன் என்றபோது உம்மா குறுக்கே நின்றார். தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து கையில் ஒரு பையோடு வந்தவர் அவர். அதைப் பற்றி அதிகம் பேச மாட்டார். அன்று இதை மட்டும் சொன்னார்:

"இன்னொண்டு வாங்கினா இன்னொரு தரம் வருவானுகள். ஒனக்கு மற்றக் கையும் போகணுமா?"

அந்தக் கேள்விதான் நான் எதை வாங்க வேண்டும் என்பதைத் தீர்மானித்தது. பழைய கணினியை என்னால் தூக்கிக்கொண்டு ஓட முடியவில்லை. அது மேசைக்குச் சொந்தமாக இருந்தது. இனிமேல் வாங்குவதை ஒரு கையால் மூடி, ஒரு கையால் எடுத்து, பின்கதவால் போக வேண்டும். அதே நேரம் அது விளையாட்டுச் சாமானாகவும் இருக்கக்கூடாது. நான் எடுக்கும் காட்சிகள் பெரிய அளவிலானவை. சாதாரண மடிக்கணினியில் போட்டால் திக்கித் திணறி நின்றுவிடும். ஒரு பட்டுச் சேலையின் சிவப்பும் தங்கத்தின் மஞ்சளும் முகத்தின் நிறமும் திரையில் உள்ளபடி தெரிய வேண்டும். மேசைக் கணினி செய்யும் வேலையை எல்லாம் செய்யும் கனமான மடிக்கணினிகள் இருக்கின்றன. பொறியியலாளர்களும் படம் வெட்டுபவர்களும் வைத்திருப்பார்கள், வேர்க்ஸ்டேஷன் என்பார்கள். அதைத்தான் தேடினேன்.

புத்தளத்தில் வாங்கினால் மாலைக்குள் செய்தி அவன் வீட்டுக்குப் போய்விடும். ஆகவே சிலாபத்துக்குப் போனேன். மூத்தவள் தானும் வருவதாகச் சொன்னாள். வேண்டாம் என்றேன். தன்னால்தானே எல்லாம் போயிற்று, சாமானையாவது தூக்கிக்கொண்டு வருகிறேன் என்றாள். பஸ்ஸில் அவளுடைய வலது பக்கத்தில், கேட்கும் காதின் பக்கம், நான் உட்கார்ந்தேன். நெற்றித் தையலை முக்காட்டால் மறைத்திருந்தாள். என் மாக்கட்டை மறைக்க வழியில்லை. பயணச் சீட்டுக் கொடுத்தவர் எங்களை இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

கடைக்காரர் நடுத்தர வயதுச் சிங்களவர். தமிழ் நன்றாகப் புரிந்துகொள்வார், பேசும்போது மட்டும் இடறும். என்ன வேலைக்கு என்று கேட்டார். சொன்னேன். விசைப்பலகையில் கலர் கலராக வெளிச்சம் எரியும் ஒன்றை முதலில் கொண்டுவந்தார். பிள்ளைகள் கேம் விளையாடுவது. வேகம் இருந்தது. ஆனால் இருட்டு அறையில் வைத்தால் ரோட்டிலிருந்தே தெரியும். வேண்டாம் என்றேன். அடுத்தது வெள்ளி நிறத்தில் மெல்லியது. ஒரு விரலால் தூக்கலாம். மூடியின் ஓரத்தை அழுத்திப் பார்த்தேன், உள்ளே போய் வந்தது. கதிரையில் வைத்துத் தவறி உட்கார்ந்தாலே முடிந்துவிடும். அதில் மெமரி கார்ட் போடும் இடமும் இல்லை.

அப்போதுதான் உள்ளே போய் ஒரு கறுப்பு மடிக்கணினியைக் கொண்டுவந்தார். ஏதோ ஒரு கட்டட அலுவலகத்தில் இருந்து வந்தது, தானே கழற்றித் துப்புரவாக்கிப் பூட்டியதாகச் சொன்னார். பழையதென்று ஒளிக்கவில்லை. மூடி உலோகம். மூடியைத் தாங்கும் பிணைச்சல் இரண்டும் கதவுப் பிணைச்சலைப் போல இறுக்கம். திரை பளபளக்காதது, வாசலிலிருந்து வந்த வெயில் அதில் விழுந்தும் படம் மங்கவில்லை. அடித்தகட்டைக் கழற்றி, உள்ளே இரண்டு சேமிப்புத் தட்டுகள் இருப்பதையும், ஒன்று போனாலும் மற்றது இருக்கும் என்பதையும் காட்டினார். தண்ணீர் ஊற்றினால் விசைப்பலகையின் கீழால் வடிந்துபோகும் என்றார். பக்கவாட்டில் கார்டுக்கு இடம் இருந்தது.

அதை இடது கையால் மூடினேன். கையிடுக்கில் வைத்துக்கொண்டு கடை வாசல்வரை வேகமாக நடந்து திரும்பினேன். கனம்தான். ஆனால் நழுவவில்லை. கடைக்காரர் ஒரு நிமிடம் பயந்துபோனார். பிறகு என் மாக்கட்டைப் பார்த்தார், மூத்தவளைப் பார்த்தார்.

வேலை செய்து பார்க்க வேண்டும் என்றேன். அதற்காகவே ஒரு கார்டை எடுத்து வந்திருந்தேன், உடப்பு என்ற ஊரில் எடுத்த கடற்கரைக் காட்சிகள். அந்தக் கல்யாணக் கார்டையும் வீட்டில் விட்டுவரப் பயந்து பையிலேயே வைத்திருந்தேன். இடது கையால் தடவி ஒன்றை எடுத்தேன். பழக்கமில்லாத கை. எதைப் போட்டேன் என்று திரையில் வந்த பிறகுதான் தெரிந்தது.

கணினியின் ஒலிபெருக்கி முழுச் சத்தத்தில் திறந்து கிடந்தது. கதிரை எலும்பில் படும் சத்தம் அந்தக் கடை முழுவதும் கேட்டது. பிறகு பெண்களின் அலறல். சாமான் பார்த்துக்கொண்டிருந்த நாலைந்து பேர் திரும்பினார்கள். நான் நிறுத்தத் தடுமாறினேன், விரலுக்கு இடம் பிடிபடவில்லை. மூத்தவள் திரையைப் பிடித்துச் சுவர்ப் பக்கமாக, எங்கள் இருவருக்கும் மட்டும் தெரியும்படி திருப்பினாள். நான் மூடப் போனேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"நிப்பாட்டாதீங்க ராத்தா. ஓடட்டும்."

தனக்கு நடந்ததை அவள் அதுவரை பார்த்திருக்கவில்லை. இரண்டாவது அடிக்குப் பிறகு தனக்கு ஒன்றும் நினைவில்லை என்று சொல்லியிருந்தாள். இப்போது மூன்றாவதையும் நாலாவதையும் பார்த்தாள். தான் விழுந்து கிடப்பதையும், அவன் காலை அகட்டி வைத்துக்கொண்டு குறி பார்ப்பதையும் பார்த்தாள். அவளுடைய நகம் என் தோலில் இறங்கியது. படம் எந்த இடத்திலும் தடங்கவில்லை. ஒரு பிரேமும் விடுபடவில்லை, நிறம் எல்லாம் சரியாக இருந்தது, இரத்தத்தின் நிறமும். அப்படித்தான் அந்தக் கணினி நல்லது என்று நான் அறிந்துகொண்டேன்.

கடைக்காரர் சத்தத்தை மட்டும்தான் கேட்டார். மற்றவர்களைப் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ சொன்னார், அவர்கள் கடையை விட்டு வெளியே போனார்கள். எங்களிடம் மெதுவாகச் சொன்னார்:

"மிஸ், இத இப்பவே ரெண்டு கொப்பி எடுங்க. இங்கயே. நான் அந்தப் பக்கம் நிக்கிறன்."

முதுகைக் காட்டிக்கொண்டு வாசலில் நின்றார். கைக்குள் அடங்கும் இரண்டு வெளிச் சேமிப்புகளை வாங்கினேன், விழுந்தாலும் உடையாமல் ரப்பர் உறை போட்டவை. இரண்டிலும் பிரதி ஏறும்வரை காத்திருந்தோம். ஒன்றை அங்கேயே மூத்தவளிடம் கொடுத்தேன்.

மற்றச் சாமான்களையும் அன்றைக்கே தெரிவுசெய்தேன். இடது கைக்கு ஏற்ற மவுஸ் ஒன்று. கரண்ட் போனாலும் அரை நாள் தாங்கும் பெரிய பற்றரி. தோளில் குறுக்காக மாட்டும் பை, கையில் பிடிக்கும் பை அல்ல. காதைப் பொத்தும் நல்ல ஹெட்போன் ஒன்றைக் கடைக்காரர் காட்டினார். வெளிச்சத்தம் ஒன்றும் கேட்காது என்றார். அதனாலேயே வேண்டாம் என்றேன். கேற் திறக்கும் சத்தம் எனக்குக் கேட்க வேண்டும். காதின் மேல் சும்மா தொட்டுக்கொண்டிருக்கும் மலிவான ஒன்றை எடுத்தேன்.

அதன் பிறகு வந்த வேலைதான் கடினமானது. கார்ட் உறையிலிடப்பட்டு நீதிமன்றத்துக்குப் போயிற்று. ஆனால் வழக்கில் இரு தரப்புக்கும் காட்டுவதற்கு ஒரு பிரதி வேண்டும், அதில் மற்றப் பெண்களின் முகத்தை மறைக்கலாம் என்று சட்டத்தரணி அனுமதி வாங்கியிருந்தார். நாற்பது வினாடிப் படம்தான். அதற்குள் இருபத்தேழு பெண்கள் ஓடுகிறார்கள், குனிகிறார்கள், ஒருவருக்குப் பின்னால் ஒருவர் போய் வெளிவருகிறார்கள். ஒவ்வொரு முகத்தையும் பிரேம் பிரேமாகத் தொடர்ந்து மூட வேண்டும். இடது கையால் பதினொரு நாள் எடுத்தது. கணினியின் விசிறி இரைந்தது, அடித்தகடு மடியைச் சுட்டது. சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் வேலை செய்தேன். ஆனாலும் எந்தப் பிரேமில் கதிரை எலும்பில் படுகிறது என்பது எனக்கு மனப்பாடமாயிற்று.

ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, மேடைக்குப் பின்னால் அலங்காரத்துக்கு வைத்திருந்த கண்ணாடியில் இன்னொரு முகத்தைக் கண்டேன். மூடுவதற்காகப் பெரிதாக்கினேன். என் முகம். ஒரு பெண் செத்துப்போகக்கூடிய அடி வாங்கிக்கொண்டிருக்கிறாள், நான் ஒரு கண்ணைச் சுருக்கி, உதட்டைக் கடித்து, கவனமாக வேலை செய்துகொண்டிருக்கிறேன். அந்த முகத்தை மட்டும் நான் மறைக்கவில்லை. சட்டத்தரணி கேட்டபோது, எடுத்தவள் யாரென்று தெரிய வேண்டும் என்றேன். உண்மையான காரணம் அதுவல்ல. என்ன காரணம் என்று இன்றைக்கும் என்னால் சரியாகச் சொல்ல முடியாது.

இதற்கிடையில் மூன்று பேரும் பிடிபட்டிருந்தார்கள். நீதவான் படத்தைத் தன் அறையில் பார்ப்பதாகச் சொன்னார். அலுவலகக் கணினியில் அந்தக் கோப்பு திறக்கவில்லை. ஆகவே என்னுடையதைத்தான் மேசையில் வைத்தேன். இரு தரப்புச் சட்டத்தரணிகள், ஒரு பொலிஸ் அதிகாரி, மூத்தவள், அவன். சிறைச்சாலைக் காவலர் அவன் பக்கத்தில் நின்றார். படம் ஓடியபோது அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூத்தவள் படத்தைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்தாள், கண் இமைக்காமல். படம் முடிந்து நான் கணினியை மூடும்போது அவன் என்னைப் பார்த்து, தணிந்த குரலில், "வேற வாங்கிட்டீங்களா?" என்று கேட்டான். காவலர் அவனை இழுத்துக்கொண்டு போனார். நான் பையைத் தோளில் குறுக்காக மாட்டிக்கொண்டேன்.

அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். ஒப்புக்கொள்ளாவிட்டால் படம் மறுபடி ஓடும் என்று அவனுடைய சட்டத்தரணியே சொல்லியிருக்க வேண்டும். சிறைக்குப் போனான். தம்பிமார் என் வீட்டை உடைத்ததற்குத் தனியாகத் தண்டிக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவனுக்கு நான் உடைத்த பல்லைப் பற்றி யாரும் என்னிடம் கேட்கவில்லை. முஸ்லிம் குடும்ப வழக்குகளைத் தீர்க்கும் காதியார் மூத்தவளுக்கு விவாகரத்துக் கொடுத்தார்.

மணப்பெண்ணுக்குக் கல்யாண வீடியோ கொடுக்க வேண்டியிருந்தது. அவளும் கேட்டாள், ஏன் கேட்கக்கூடாது? அந்த நாற்பது வினாடியையும் அதற்குப் பின்னால் வந்ததையும் எடுத்துவிட்டேன். மாலை போட்ட அவள் சிரிக்கிறாள், உடனே காரில் ஏறுகிறாள். கையில் ஒரு வெள்ளைத் துணி சுற்றியிருக்கிறது. பார்த்துவிட்டு நல்லா இருக்கிறது என்றாள். பிறகு அழுதாள்.

என் மணிக்கட்டு முழுதாகத் திரும்பவில்லை. கமராவைப் பிடிக்கும், நெடுநேரம் பிடிக்காது. உம்மா என் வேலையைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார். பெண்கள் மறுபடியும் கூப்பிடத் தொடங்கினார்கள், முன்னைவிடக் குறைவாக. சிலர் என்னைக் கண்டதும் முக்காட்டை இறுக்கிக்கொள்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நான் படத்தை நீதிமன்றத்தில் கொடுத்தவள்தானே.

சில மாதங்களுக்கு முன்னால் மூத்தவள் வந்தாள். நெடுநாள் வராமல் இருந்தவள். சிலாபத்தில் நான் கொடுத்த பிரதியை அவளுடைய தாய் எடுத்து அடுப்பில் போட்டுவிட்டாராம். வீட்டில் அப்படி ஒன்று இருக்கக்கூடாது என்றாராம். இன்னொன்று வேண்டும் என்றாள். அதை வைத்து என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். அவன் சிறையிலிருந்து வந்துவிட்டான், திரும்பி வந்து சேர்ந்து வாழச் சொல்லி அவனுடைய தாய் வெள்ளிக்கிழமைதோறும் ஆள் அனுப்புகிறார், திருந்திவிட்டான், பிள்ளை குட்டி இல்லாமல் எத்தனை நாள் இருப்பாய் என்று கேட்கிறார்கள் என்றாள்.

"கேக்கக் கேக்க எனக்கும் எரக்கம் வருது ராத்தா. அதான் பயமா இரிக்கி. எரக்கம் வரக்குள்ள எல்லாம் அந்தப் படத்தப் பாக்கணும்."

முகம் மறைத்த பிரதியைத்தான் கொடுக்கலாம் என்றேன். அவள் முகம் அதில் மறைக்கப்படவில்லை. அது போதும் என்றாள். பென் ட்ரைவில் ஏற்றிக் கொடுத்தேன். சரியாகத் திறக்கிறதா என்று போட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம், இன்றைக்கு வேண்டாம் என்றாள். கைப்பைக்குள் சாவிக்கொத்தோடு சேர்த்துப் போட்டுக்கொண்டு, மூன்று மணி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்து போனாள்.

இன்றுவரை அவள் அவனிடம் திரும்பிப் போகவில்லை.